எழுத்துப் பெட்டியா, பிளேஸ்ஹோல்டரா? ஸ்லைடு போடக் கற்கும் ஒரு தம்பிக்கு

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பி.காம். மூன்றாம் ஆண்டு. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அடுத்த மாதம் கல்லூரியில் 10 நிமிட செமினார். மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை என்ன ஆகிறது என்பதுதான் தலைப்பு. விஷயம் அவருக்கு அத்துப்படி. வாரா வாரம் ஏலத்தில் போன விலையை ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறார். ஆனால் பிபிடி, அதாவது பவர்பாயின்ட் ஸ்லைடு, போட்டுத்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு வாரம் போய் உட்கார்ந்தும் லேஅவுட், மாஸ்டர், பிளேஸ்ஹோல்டர், டிரான்சிஷன், அனிமேஷன் எல்லாம் தலைக்குள் குழம்பிக் கிடக்கிறதாம். எதை முதலில் கற்பது, இந்த வார்த்தைகளை எல்லாம் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, மனப்பாடம் வேண்டாம். தண்டையார்பேட்டையில் 16 வருடமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். பட்டியல் போட்டுப் படித்தவர்கள் ஒரே மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். மூன்று வார்த்தைகளை மட்டும் முதலில் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: மாஸ்டர், லேஅவுட், பிளேஸ்ஹோல்டர். மற்றதெல்லாம் தேவை வரும்போது தானாக ஒட்டிக்கொள்ளும். பல இடங்களில் இந்த மூன்றையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று முதல் நாளே அனிமேஷனைக் காட்டுகிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாரிமுனைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்க யாருடனாவது போயிருப்பீர்கள். கடைக்காரர் மாடல் ஆல்பத்தை எடுத்துப் போடுவார். மேலே பிள்ளையார், ஓரத்தில் குத்துவிளக்கு, பின்னால் சந்தன நிறம். ஒரு மாடலை எடுத்தால் இவையெல்லாம் எல்லாப் பக்கத்திலும் மாறாமல் வரும். அதுதான் மாஸ்டர். அதே மாடலில் முன்பக்கம் ஒரு அமைப்பு, உள்பக்கம் வேறு அமைப்பு, உறைக்கு இன்னொன்று. அவை லேஅவுட். உள்பக்கத்தில் மணமகன் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் என்று இடம் விட்டு வைத்திருக்கிறார்களே, அந்தக் காலி இடங்கள்தான் பிளேஸ்ஹோல்டர். நீங்கள் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். எந்த எழுத்து, என்ன அளவு, எந்த மூலை என்பதை மாடல் பார்த்துக்கொள்ளும்.

இப்போது பவர்பாயின்டைத் திறந்து புதிய பிரசென்டேஷன் ஒன்றை எடுங்கள். முதல் ஸ்லைடில் இரண்டு பெட்டிகள் இருக்கும். மேல் பெட்டியில் ‘கிளிக் டு ஆட் டைட்டில்’ என்று எழுதியிருக்கும். அதுதான் பிளேஸ்ஹோல்டர். அதில் ஒன்றும் அடிக்காமல் விட்டாலும் காட்டும்போது திரையில் அந்த வாசகம் தெரியாது. இது தெரியாததால் நிறையப் பேர் பயந்து அந்தப் பெட்டியை அழித்துவிட்டு, இன்சர்ட் டேபுக்குப் போய் டெக்ஸ்ட் பாக்ஸ் ஒன்றை வரைந்து அதில் தலைப்பை அடிக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பது தலைப்பு என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதற்கு அது எங்கோ ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ஸ்லைடில் தலைப்பைப் பிளேஸ்ஹோல்டரில் அடியுங்கள். அடுத்த ஸ்லைடில் அந்தப் பெட்டியை அழித்துவிட்டு டெக்ஸ்ட் பாக்ஸில் அடியுங்கள். பிறகு வியூ டேபில் அவுட்லைன் வியூவை அழுத்துங்கள். இடது பக்கம் வெறும் எழுத்தாக எல்லாம் வரிசையாக வரும். முதல் ஸ்லைடின் தலைப்பு இருக்கும். இரண்டாவது ஸ்லைடின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. பிளேஸ்ஹோல்டரில் இருப்பது மட்டும்தான் அவுட்லைனுக்கு வரும். பார்வையில்லாத ஒருவர் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் வைத்துக் கேட்கும்போதும் அந்தத் தலைப்பை நம்பித்தான் ஸ்லைடு விட்டு ஸ்லைடு போகிறார். தலைப்பு இல்லாத ஸ்லைடு அவருக்குப் பெயர்ப்பலகை இல்லாத தெரு.

எங்களிடம் படித்த ஒரு பெண் 22 ஸ்லைடு போட்டிருந்தாள், எல்லாம் டெக்ஸ்ட் பாக்ஸ். தலைப்புக்கு மஞ்சள் நிறம். வீட்டு லேப்டாப்பில் பளிச்சென்று இருந்தது, புரொஜெக்டரில் வெள்ளைப் பின்னணியில் ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் காலை பேச வேண்டும். ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து 22 தலைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து நிறம் மாற்றினாள். இரண்டை விட்டும்விட்டாள். பிளேஸ்ஹோல்டரில் இருந்திருந்தால் மாஸ்டரில் ஒரே ஒரு இடத்தில் நிறத்தை மாற்றி முடித்திருக்கலாம். அரை நிமிட வேலை.

அதனால் முதல் பழக்கம் இது: ஸ்லைடு சேர்க்கும்போது கன்ட்ரோல்+எம் அடியுங்கள். பிறகு ஹோம் டேபில் லேஅவுட் பட்டனை அழுத்தி, இந்த ஸ்லைடுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். தலைப்பும் வரிகளுமா, பக்கம் பக்கமாக இரண்டு பத்தியா, தலைப்பு மட்டுமா? அதை முடிவு செய்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். பெட்டியை இழுத்து நகர்த்திக் கோணலாகிவிட்டால் லேஅவுட் பட்டனுக்குப் பக்கத்திலேயே ரீசெட் இருக்கிறது. அதை அழுத்தினால் பெட்டிகள் மாடலில் இருந்த இடத்துக்கும் அளவுக்கும் திரும்பிவிடும். எழுதியது போகாது. ரீசெட் என்ற பெயரைப் பார்த்து எல்லாம் அழிந்துவிடுமோ என்று பலர் அதைத் தொடுவதே இல்லை.

சரி, மாஸ்டர். வியூ டேபில் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்தால் இடது பக்கம் மேலே ஒரு பெரிய ஸ்லைடு, அதற்குக் கீழே கொஞ்சம் சிறியதாக வரிசையாகப் பல ஸ்லைடுகள் தெரியும். பெரியதுதான் மாஸ்டர், சிறியவை லேஅவுட். பெரியதில் செய்வது கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும். கல்லூரி லோகோவை அங்கே ஒருமுறை ஒட்டினால் போதும், ஸ்லைடுக்கு ஸ்லைடு ஒட்ட வேண்டாம். வேலை முடிந்ததும் குளோஸ் மாஸ்டர் வியூ அழுத்தி வெளியே வர மறக்காதீர்கள். வந்த பிறகு லோகோவைக் கிளிக் செய்தால் பிடிபடாது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். கெட்டுப்போகவில்லை. அது மாஸ்டரில் இருக்கிறது, அங்கே போனால்தான் கை படும்.

தீம் என்பது நிறம், எழுத்துரு, பின்னணி இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிய ஒரு மூட்டை. டிசைன் டேபில் இருக்கும். வெள்ளையாக ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் அதே டேபில் உள்ள ஸ்லைடு சைஸை மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். 2013 பதிப்பிலிருந்து தானாக வருவது 16:9 என்ற அகலத் திரை. செமினார் ஹாலில் பழைய புரொஜெக்டர் இருந்தால் அது 4:3 ஆக இருக்கலாம். 16:9 ஸ்லைடை அதில் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து சிறுத்துவிடும். எல்லாம் போட்டு முடித்த பிறகு அளவை மாற்றினால் படங்கள் இடம் மாறி ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டிவரும். ஹாலில் எது இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது புல்லட்டும் அதன் படிகளும். ஒரு வரியின் தொடக்கத்தில் நின்று டேப் விசையை அழுத்தினால் அந்த வரி ஒரு படி உள்ளே போகும், எழுத்தும் சிறுக்கும். ஷிஃப்ட்+டேப் அழுத்தினால் வெளியே வரும். மாஸ்டரில் இப்படி ஐந்து படி தயாராக வைத்திருக்கிறார்கள். ஐந்து இருக்கிறதே என்று ஐந்தையும் பயன்படுத்த வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லாவோடு சேர்த்து 7 பேர் இறந்தார்கள். புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதிச் சேதப்படுத்தியதுதான் காரணம். விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே அந்த மோதல் ஆபத்தானதா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயப்பட வேண்டியதில்லை என்ற தொனியில் இருந்தது. அவர்கள் ஒப்பிட்ட பழைய சோதனையில் மோதவிட்டது 3 கன அங்குலத் துண்டு. நிஜத்தில் மோதியதாகக் கணக்கிட்டது 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அந்த எண்கள் எங்கே இருந்தன தெரியுமா? ஸ்லைடின் அடியில், உள்ளே தள்ளி, சிறிய எழுத்தில். எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் அந்த ஸ்லைடை வரி வரியாக அலசினார். விபத்தை விசாரித்த குழு அந்த அலசலைத் தன் அறிக்கையிலேயே சேர்த்தது. தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போட்டுப் பேசும் பழக்கத்தைக் கண்டிக்கவும் செய்தது. விபத்துக்கு ஸ்லைடுதான் காரணம் என்று அந்தக் குழு சொல்லவில்லை. ஆனால் முக்கியமான செய்தி நான்காவது படியில் புதைந்தால் படிக்கிறவர் கண்ணில் படாது என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் ஸ்லைடுக்கு இது எப்படிப் பொருந்தும்? தலைப்பில் ‘விலை விவரம்’ என்று போடாதீர்கள். உங்கள் நோட்டு எதைச் சொல்கிறதோ அதையே ஒரு வாக்கியமாகத் தலைப்பில் எழுதுங்கள். தடைக்காலத்தில் சங்கரா விலை ஏறியிருந்தால் ஏறியது என்று, எவ்வளவு என்ற எண்ணோடு. கீழே இரண்டு மூன்று வரி, அதிகம் போனால் ஒரே ஒரு உள்படி. வரி கூடிக்கொண்டே போனால் பவர்பாயின்டே எழுத்தைச் சுருக்கிப் பெட்டிக்குள் அடக்கப் பார்க்கும். இதற்கு ஆட்டோஃபிட் என்று பெயர். எழுத்து தானாகச் சிறுக்கிறது என்றால் ஒரு ஸ்லைடில் இரண்டு ஸ்லைடு சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோல்+டி அடித்து ஸ்லைடை நகல் எடுத்து, பாதிப் பாதியாகப் பிரித்துவிடுங்கள்.

இனி உங்கள் தலைப்பின் உயிர், சார்ட். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். உங்கள் நோட்டில் வாரா வாரம் விலை இருப்பதால் லைன் சார்ட்தான் சரி. காலம் ஓட ஓட எப்படி மாறியது என்பதைக் கோடு காட்டும். தடைக்கு முன், தடையின்போது, தடைக்குப் பின் என்று மூன்றே மூன்று சராசரியை ஒப்பிடுவதானால் கம்பச் சார்ட் (ஆங்கிலத்தில் column), அதாவது நிமிர்ந்த கம்பங்கள். வட்டமான பை சார்ட் இங்கே ஆகாது. ஒரு முழுதைப் பங்கு போடும்போதுதான் அதற்கு வேலை.

இன்சர்ட் டேபில் சார்ட் அழுத்தினால் எக்ஸெல் போல ஒரு சின்னக் கட்டம் திறக்கும். அதில் ஏற்கெனவே இருக்கும் எண்களை அழித்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். அப்புறம் தடைக்காலம் எது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? இன்சர்ட்டில் ஷேப்ஸுக்குப் போய் ஒரு செவ்வகம் வரைந்து, வெளிர் நிறம் கொடுத்து, பாதி தெரியும்படி டிரான்ஸ்பரன்சியை ஏற்றி, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை கோட்டின் மேல் போர்த்துங்கள். சார்ட்டையும் செவ்வகத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பிறகு நகர்த்தும்போது பிரியாது. அதற்கு கன்ட்ரோல்+ஜி, குரூப்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும், அதற்கும் விடை அந்த மூன்று வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. பிளேஸ்ஹோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும் எதையும் குரூப் செய்ய முடியாது. ஸ்லைடில் காலியாக ஒரு கன்டென்ட் பிளேஸ்ஹோல்டர் இருந்தால், நீங்கள் செருகும் சார்ட் நேராக அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். அதனால் இந்த ஸ்லைடுக்கு மட்டும் டைட்டில் ஒன்லி லேஅவுட்டை எடுத்துக்கொண்டு சார்ட்டைச் செருகுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸுக்கு உண்மையான வேலையும் இந்த மாதிரி இடத்தில்தான்: அம்புக்குறிக்குப் பக்கத்தில் ‘61 நாள்’ என்று எழுத, படத்தின் மேல் ஒரு பெயர் ஒட்ட. அதைத் திட்டுவது என் நோக்கமில்லை, தலைப்பும் முக்கிய வரிகளும் அதில் போகக் கூடாது என்பதுதான்.

சார்ட்டை எக்ஸெலிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டும்போது எம்பெட் என்று ஒரு வாய்ப்பு இருக்கும், லிங்க் என்று ஒன்று, படமாக ஒட்ட ஒன்று. எம்பெட் செய்தால் அந்தச் சார்ட் இருந்த எக்ஸெல் கோப்பு முழுதும் பிபிடிக்குள் வந்துவிடும், மற்ற ஷீட்டுகளும் சேர்த்து. ஸ்லைடை வாங்கிய யாரும் எடிட் டேட்டா போட்டு அதையெல்லாம் பார்க்கலாம். உங்கள் அப்பாவின் படகுக் கணக்கும் பங்குக் கணக்கும் அதே கோப்பில் வேறு ஷீட்டில் இருந்தால் அதுவும் போகும். லிங்க் செய்தால் எக்ஸெல் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பிபிடியை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போனால் பழைய படம் தெரியும், எண்ணை மாற்ற வராது. செமினாருக்குப் படமாக ஒட்டினாலே போதும், கம்பம் கம்பமாக அனிமேஷன் கொடுக்கப் போகும் சார்ட்டை மட்டும் பவர்பாயின்டிலேயே செருகுங்கள்.

டிரான்சிஷன், அனிமேஷன் இரண்டையும் குழப்பிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஸ்லைடு போய் அடுத்த ஸ்லைடு வரும்போது நடப்பது டிரான்சிஷன். ஒரே ஸ்லைடுக்குள் இருக்கும் பொருள் வருவது, போவது, நகர்வது அனிமேஷன். டிரான்சிஷனை வேண்டுமானால் ஃபேட் என்று ஒன்றை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். அனிமேஷனில் பச்சை நட்சத்திரம் என்றால் பொருள் உள்ளே வருகிறது, மஞ்சள் என்றால் இருந்த இடத்தில் கவனத்தை இழுக்கிறது, சிவப்பு என்றால் வெளியே போகிறது. எப்போது நடக்க வேண்டும் என்பதற்கு மூன்று வழி: கிளிக் செய்யும்போது, முந்தையதோடு சேர்ந்து, முந்தையது முடிந்ததும். அனிமேஷன் பேன் (pane) என்ற பக்கப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டால் வரிசை முழுதும் ஒரே பார்வையில் தெரியும்.

உங்களுக்கு ஒரே ஒரு அனிமேஷன் போதும். மூன்று கம்பம் உள்ள சார்ட்டைத் தேர்ந்து ‘வைப்’ (Wipe) என்பதைக் கொடுங்கள், எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் ‘பை கேட்டகரி’யை (By Category) தேர்ந்தெடுங்கள். முதல் கிளிக்கில் சார்ட்டின் பின்னணி வரும், அதன் பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கம்பம் எழும். ‘ஏப்ரல் 14 வரைக்கும் நிலைமை இது’ என்று முதல் கம்பத்தைக் காட்டிப் பேசலாம். அடுத்த கம்பம் வருவதற்கு முன் தடைக்காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று வகுப்பைக் கேட்கலாம். அதன் பிறகு கிளிக். கேட்கிறவர் கண் நீங்கள் பேசும் இடத்திலேயே நிற்கும். அனிமேஷன் இருப்பது இதற்காகத்தான். எழுத்து சுற்றிக்கொண்டு வருவது, குதித்துக்கொண்டு வருவது எல்லாம் கேட்பவர் நேரத்தைத் தின்னும், 10 நிமிடத்தில் அதற்கு இடமில்லை.

தமிழில் ஸ்லைடு போடப் போகிறீர்கள் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். முதலில் எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான தனிக் குறியீடு உள்ள முறை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் தமிழ் முழுதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். எங்கள் மாணவர் ஒருவர் வேலைக்கான நேர்காணலில் இப்படி மாட்டிக்கொண்டார். வீட்டில் அழகாக இருந்த ஸ்லைடு, அங்கே ஒரு வரி படிக்க முடியவில்லை. அவர் கோப்பை மூடிவிட்டு வாயாலேயே பேசி முடித்தார். வேலை கிடைத்தது, ஆனால் வெளியே வந்து அழுதுவிட்டார். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது, இனி பாமினியில் ஒரு வரிகூட அடிக்கக் காரணமில்லை. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு கூடவே வருகிறது. லதா அதற்கும் முந்தியது. நிர்மலா யூஐ ஸ்லைடுக்கு நன்றாக இருக்கும். வேறு அழகான எழுத்துரு வேண்டும் என்றால் முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம். ஆனால் அவை கல்லூரிக் கம்ப்யூட்டரில் இருக்காது. ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல் என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுச் சேமித்தால் எழுத்துருவும் கோப்போடு பயணிக்கும். அதோடு ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பில் அனிமேஷன் வராது, ஆனால் எழுத்து எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது.

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். மேலே ி, ீ வளைவு, கீழே ு, ூ வால். வரிக்கு வரி இடைவெளியை 1.2 அளவுக்கு வையுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் வளைவும் முட்டும். சாய்ந்த எழுத்து வேண்டாம், தமிழில் அது கண்ணுக்கு இடிக்கும். சின்ன எழுத்தைப் போல்டு செய்தால் ண, ன போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், கடைசி பெஞ்சிலிருந்து எது எது என்று தெரியாது. எழுத்து இடைவெளியை விரித்தால் கொம்பும் காலும் விலகித் தனியாக நிற்கும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிவது தமிழில் ஒன்றரை வரி ஆகும், அதனால் எழுத்தைச் சிறிதாக்க மனம் போகும். 28-க்குக் கீழே போகாதீர்கள். வார்த்தையைக் குறையுங்கள்.

படங்கள். ஏலக் கூடத்தில் போனில் எடுத்த படங்கள் 10 போட்டால் கோப்பு பெருத்துவிடும், மெயிலில் போகாது. படத்தைத் தேர்ந்தால் பிக்சர் ஃபார்மட் டேப் வரும், அதில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். திரைக்கு 150 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும். அதே பெட்டியில் டிலீட் கிராப்டு ஏரியாஸ் என்ற டிக்கையும் போடுங்கள். காரணம், கிராப் செய்து வெட்டிய பகுதி உண்மையில் போகவில்லை, மறைந்துதான் இருக்கிறது. வேறு யாரும் கிராப்பை இழுத்துத் திறந்தால் முழுப் படமும் தெரியும். ஒரு பில்லில் இருந்த பெயரையும் போன் நம்பரையும் கிராப் செய்து மறைத்ததாக நினைத்து அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோப்பு என்பது என்ன என்று புரிய ஒரு நல்ல வழி இருக்கிறது, வகுப்பில் எல்லோருக்கும் செய்து காட்டுவேன். உங்கள் பிரசென்டேஷனை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ஃபோல்டர்கள். ஒன்றில் ஸ்லைடுகள், ஒன்றில் லேஅவுட்கள், ஒன்றில் மாஸ்டர், மீடியா என்ற ஒன்றில் நீங்கள் ஒட்டிய படங்கள் அத்தனையும். 2007 பதிப்பிலிருந்து இந்த அமைப்புத்தான். நாம் பேசிய மூன்று வார்த்தைகளில் மாஸ்டரும் லேஅவுட்டும் அங்கே தனித்தனி ஃபோல்டராகக் கண்ணுக்குத் தெரியும். பிளேஸ்ஹோல்டருக்கு மட்டும் ஃபோல்டர் இல்லை, அது லேஅவுட்டுக்குள் இருக்கும் இடம் என்பதால். கோப்பு என்றாவது திறக்காமல் போனாலும் இந்த வழியில் படங்களையாவது மீட்டுவிடலாம்.

ஸ்லைடு, நோட்ஸ், ஹேண்டவுட் என்ற பெயர்கள் ஏன் வந்தன என்றால், இந்த மென்பொருள் முதலில் திரைக்காகச் செய்ததே இல்லை. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் போன்றவர்கள் ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனத்தில் இதை உருவாக்கினார்கள். முதல் பெயர் பிரசென்டர். 1987 ஏப்ரலில் மேக் கம்ப்யூட்டருக்குக் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஓஎச்பி (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) விளக்கில் வைக்கும் கண்ணாடித்தாளை அச்சடிக்கத்தான் அது பயன்பட்டது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியது. அந்த அச்சடிக்கும் பழக்கம் இன்றைக்கும் உதவும். பிரின்ட்டில் ஹேண்டவுட்ஸ், பக்கத்துக்கு 3 ஸ்லைடு என்று தேர்ந்தால் ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பக்கத்திலும் எழுதக் கோடு போட்டு வரும். அதை அச்செடுத்து உங்கள் பேராசிரியர் கையில் முன்கூட்டியே கொடுங்கள்.

பவர்பாயின்ட் வீட்டில் இல்லையென்றாலும் கவலை இல்லை. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் இலவசம், அதில் மாஸ்டர் ஸ்லைடு என்று இருக்கும். கூகுள் ஸ்லைட்ஸில் எடிட் தீம் என்று தேட வேண்டும். பெயர்தான் கொஞ்சம் மாறும், மூன்று அடுக்கு அதேதான். ஒன்றில் செய்ததை மற்றதில் திறந்தால் அனிமேஷனும் எழுத்துருவும் மாறலாம், அதனால் எதில் காட்டப் போகிறீர்களோ அதில் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

காட்டும் நாள். ஸ்லைடுக்குக் கீழே நோட்ஸ் என்ற இடம் இருக்கிறது. பேச வேண்டியதை ஸ்லைடில் எழுதாமல் அங்கே எழுதுங்கள். கேபிளைச் செருகியதும் விண்டோஸ்+பி அடித்து எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பிரசென்டர் வியூ வரும்: புரொஜெக்டரில் ஸ்லைடு மட்டும், உங்கள் லேப்டாப்பில் நோட்ஸ், கடிகாரம், அடுத்த ஸ்லைடு. டூப்ளிகேட்டில் இருந்தால் இரண்டிலும் ஒன்றே தெரியும். வீட்டில் ஒரே திரையை வைத்துப் பழக ஆல்ட்+எஃப்5. முதலிலிருந்து காட்ட எஃப்5, நிற்கிற ஸ்லைடிலிருந்து காட்ட ஷிஃப்ட்+எஃப்5. நடுவில் பி விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பும். ஏலத்தில் கூறு கட்டி விலை கேட்பது எப்படி நடக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது இதைச் செய்யுங்கள். அதற்கு ஸ்லைடு வேண்டாம், நீங்கள் நேரில் பார்த்து வளர்ந்தது.

பேசும் ஸ்லைடு 7 போதும். வஞ்சிரம், வவ்வால், நெத்திலி என்று ஒவ்வொரு மீனுக்கும் உங்களிடம் இருக்கும் விலையைத் தனித்தனி ஸ்லைடாகக் கடைசியில் சேர்த்து, இடது பக்கம் வலது கிளிக் செய்து ஹைட் ஸ்லைடு கொடுத்துவிடுங்கள். ஓட்டும்போது அவை வராது. எந்த எண்ணில் எந்த மீன் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் யாராவது, ‘சங்கரா சரி, நெத்திலி என்ன ஆச்சு?’ என்று கேட்டால் 10 அடித்து என்டர் தட்டுங்கள். மறைத்து வைத்த ஸ்லைடு நேராக வந்து நிற்கும்.